பேர் வெட்டின டப்பா

சித்தெ தள்ளி உக்காருங்க அம்முணி. இந்தப் பையைக் கீழ வெக்க முடியாது, வெச்சா நசுங்கிப்போயிரும். மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடிச்சாச் சொல்லுங்க. எங்க, தாராபுரந்தானுங்க? நானும் அங்கதான். சூலூர்ல இருந்து நின்னுட்டே வாறேன். பல்லடத்துல ஒருத்தன் எறங்குனதாலதான் இந்த எடம் கெடச்சுது. அவனும் சும்மா எறங்கல, கடலைத் தொலியைப் பூராவும் சீட்டுல போட்டுட்டுப் போயிருக்கறான் பாருங்க. மனுசன் உக்கார்ற எடம்னு ஒரு நெனப்பு வேண்டாமா. சீ.

அந்தப் பச்சைப் பை, பைபாஸ்ல இருக்கற மொத்தக் கடைப் பைதானுங்க? கார்டு இருந்தாத்தான் உள்ள உடுவாங்களே, அந்தக் கடை. பாத்ததும் கண்டுபுடிச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லல. அந்தப் பையைப் பாத்தாலே எனக்கு ஆவறதில்ல. நான் அங்க ஒரே ஒருக்காதான் போனேன். என்ற புள்ள கண்ணாலத்துக்குச் சாமான் வாங்கப் போனேன். சாமானு வந்துச்சு, கண்ணாலம் போயிருச்சு.

கார்டு நம்முளுது இல்லீங்க. மாப்ளை வூட்டுக்காரங்களுது. மாப்ளைன்னு சொல்றேன் பாருங்க, இன்னும் அந்த வாய்ப்பழக்கம் போகல. அவிங்களுக்கு அவிநாசியில பேக்கரி. பையன் பேரு தரணிதரன். பொண்ணு பாத்துட்டுப் போயி, ரெண்டு பக்கமும் புடிச்சுப்போச்சு. நிச்சயத்துக்கு நாள் பாக்கறதுதான் பாக்கி. அப்பத்தான் பையனோட அம்மா போன் பண்ணுச்சு, கோமதின்னு பேரு. மொத்தக் கடையில பாத்திரமெல்லாம் தள்ளுபடியில போட்டிருக்கறான், தாம்பூலப் பைக்கு டப்பா வாங்கறதுன்னா எங்க கார்டுலயே வாங்கிக்குங்க, ஒட்டுக்காப் போலாம், புள்ளையையும் கூட்டிட்டு வாங்க, பையனும் வர்றான்னு. நம்ம மேல எத்தனை பிரியம் பாருன்னு எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவரு பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கல.

வாசல்லயே அசிங்கம் ஆரம்பிச்சுருச்சு. ஒரு கார்டுக்கு ரெண்டு பேருதான்னு தொப்பி போட்டவன் மறிக்கறான். அந்தம்மா என்னையும் என்ற புள்ளையையும் காட்டி, இவங்க எங்க பேக்கரியில வேலை செய்யறவங்கன்னு சொல்லுச்சு. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. தோட்டங்காடு இருக்கற குடும்பத்துல பொறந்தவ நான். பிருந்தா, அதான் என்ற புள்ள, அவ என்ற மூஞ்சியைப் பாத்தா. நான் சும்மா வாடின்னு கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போனேன். தள்ளுபடி அன்னிக்கோட முடியுதுங்க, அப்ப மானத்தைப் பாக்க முடியுமா.

உள்ள போனா, அது கடையா அது. கூரை எங்கயோ இருக்குது. வண்டின்னு ஒண்ணு குடுக்கறான், அதுல ஒரு கன்னுக்குட்டியை நிறுத்தி வெக்கலாம். ஒரு மூலையில மீனும் நண்டும் ஐஸுக்குள்ள கெடக்குது, நாத்தம் குப்புன்னு அடிக்குது, அதுக்குப் பக்கத்துலயே நின்னு ஜனங்க பாயாசத்துக்குச் சேமியா எடுக்குது. இன்னொரு பக்கம் ஒரு புள்ளை காயிதக் கப்புல வெள்ளையா என்னமோ ஊத்தி, ருசி பாருங்கன்னு நீட்டிட்டு நிக்குது. நல்லாப் படிச்சவங்களாட்டம் இருக்கறாங்க, பேண்ட்டு சட்டை, கழுத்துல கம்பெனி அட்டை. அவிங்க ஒருக்கா வாங்கி நக்கறாங்க, போயி ஒரு சுத்து சுத்திட்டு வந்து மறுக்கா நீட்டறாங்க. காசு குடுத்துத் திங்கறதுக்கு வக்கில்லாத கூட்டமா அது? நானும் ஒரு கப்பு வாங்குனேன்னு வெச்சுக்குங்க. அது என்னன்னு தெரிஞ்சுக்கோணுமே. ரெண்டாவது வாங்குனது எங்கூட்டுக்காரருக்குக் கொண்டுபோலாம்னு, வழியிலயே சாஞ்சுருச்சு.

ஒரு பொம்பளை, புருசன், ஒரே ஒரு குழந்தை. அவ தக்காளிச் சாஸை வாளியில வாங்கறா அம்முணி, வாளியில. அதை எத்தனை வருசம் வெச்சுத் திம்பா? இன்னொருத்தன் சோப்பு டப்பாவை ஒவ்வொண்ணா எடுத்து மோந்து மோந்து கீழ வெக்கறான். மூக்கு பட்ட சோப்பை இன்னொருத்தன் வாங்கித் தேய்ப்பான். அருவருப்பா இருக்குதில்ல? பொருளு வாங்கறதுன்னா ஒரு பதனம் வேணுமுங்க. நான் அரிசி மூட்டையை அடியில நகத்துல ஒரு கீறு கீறி, ரெண்டு மணியை வாயில போட்டுக் கடிச்சுத்தான் பாப்பேன். பருப்பு பாக்கெட்டையும் அப்படித்தான். அது மோந்து பாக்கறதாட்டம் இல்ல. அது பாத்து வாங்கறது.

அந்தத் தரணிதரன் இருக்கறானே, அவனைச் சும்மா சொல்லக்கூடாது. சாமான் பாக்கத் தெரிஞ்ச பையன். வண்டியை அவன்தான் தள்ளிட்டு வந்தான். என்னை அத்தைன்னு கூப்புட்டுக் கூப்புட்டு, இதை எடுங்க, அது வேண்டாம், அதுல எடை கொறைவு, இதுல மூடி நிக்காதுன்னு ஒவ்வொண்ணாச் சொன்னான். எனக்கு மனசு குளுந்துபோச்சு. எங்கூட்டுக்காரரைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனா, வெளிய நின்னு டீ குடிப்பாரு. நாப்பது வருசத்துல, இது நல்லாருக்குதா அது நல்லாருக்குதான்னு அவருகிட்டப் பேசி ஒரு பொருளு வாங்குனதில்ல நான்.

பிருந்தாவும் அவ பங்குக்கு ஒரு மேசை விளக்கை எடுத்து வண்டியில வெச்சா. அவ பல்லு செட்டு செய்யற லேப்புல வேலைங்க. பல்லு ஆசுபத்திரிக்காரங்க அளவு அனுப்பிச்சா, இவ பல்லை அச்சு எடுத்து, ராவித் தேய்ச்சு, பளபளன்னு பண்ணி அனுப்போணும். ஊரான் வாயிக்குள்ள போற பல்லை வூட்டுக்கும் கொண்டாந்து மேசை மேல வரிசையா வெச்சுருப்பா. சோறு எறங்குமா சொல்லுங்க. அதுக்குத்தான் அந்த விளக்கு. அந்தப் பையன் விளக்கை எடுத்து அக்கட்டால வெச்சுட்டு, கண்ணாலத்துக்கப்புறம் லேப்புக்கெல்லாம் எதுக்குப் போகோணும், பேக்கரியில கல்லாப்பொட்டியில உக்காந்தாப் போதும்னு என்னைப் பாத்துச் சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

பொறவு ஒரு நீலப் போர்வையை எடுத்து வெச்சா. அதையும் எடுத்தான். நீலம் அழுக்குத் தெரியாது, ஆனா சாயம் போகும்னான். உண்மைதான். அப்புறம் முந்திரி பிஸ்கோத்து ஒரு டப்பா. எங்க பேக்கரியிலயே இருக்குதுன்னு அதையும் எடுத்து வெளிய வெச்சான். அதுவும் உண்மைதான். அதுக்கப்புறம் இவ வண்டியில கையே வெக்கல. எங்க பொறவாலயே நடந்து வந்தா. எத்தனை அடக்கமா வர்றா பாருன்னு எனக்குப் பெருமையாப் போச்சு. அந்தக் கோமதி அம்மாகிட்டக் கூடச் சொன்னேன், நம்ம புள்ளை வாய் திறக்காதுங்கன்னு.

டப்பாவுக்கு வர்றேன். எவர்சில்வர் டிப்பன் டப்பா, கைக்கு அடக்கமா, வட்டமா. நான் ஒவ்வொரு பெட்டியிலயும் ரெண்டு ரெண்டு எடுத்துப் பாத்தேன். அடியைத் தட்டிப் பாத்தேன். மூடியை மூடித் திருப்பிக் கவுத்துப் பாத்தேன். ஓரத்துல வெரலை உட்டு, கீறுதான்னு பாத்தேன். ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஐநூறு டப்பா எடுத்தாச்சு. வெளிய வர்றப்ப ஒருத்தன் பில்லை வாங்கி, வண்டிக்குள்ள கையை உட்டு எண்ணறான். திருடிட்டு வந்தவங்களாட்டம் நம்மளைப் பாக்கறான். சீன்னு போச்சு. இத்தனை பெரிய கடையைக் கட்டிப்போட்டு, வாங்கறவனை நம்பறதில்ல.

நேரா டவுனுக்குப் போயி, பாத்திரத்துல பேர் வெட்டறவன்கிட்டக் கொண்டுபோயி எறக்கிட்டேன். மூடி மேல ‘பிருந்தா தரணிதரன்’. தேதி வேண்டாம், பேரு மட்டும் போதும்னேன். அவன் மெஷினைக் கையில வெச்சுட்டு, நிச்சயம் முடிஞ்சுதுங்களான்னு கேட்டான். உனக்கு எதுக்குப்பா அந்தச் சோலி, வெட்டுன்னேன். எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு அம்முணி. தரகன், சொந்தக்காரன், பங்காளி, ஆளாளுக்கு என்னமோ சொல்லி ஒரு சம்பந்தத்தைக் கலைச்சு உட்டுருவாங்க. பேர் வெட்டிட்டா அப்புறம் யாரு பின்வாங்குவாங்க? எவர்சில்வர்ல வெட்டுனது வெட்டுனதுதான். அப்படி நெனச்சுத்தான் வெட்டுனேன்.

டப்பாவெல்லாம் வெட்டி முடிச்சு வூடு வந்து சேர்ந்த அன்னிக்குப் பொழுதோட, இவ ஈரத் தலையைத் தொவட்டிட்டே வந்து, எனக்கு இந்தக் கண்ணாலம் வேண்டாம்மான்னு சொல்றா. நான் டப்பாவைக் காயிதக் கவருக்குள்ள போட்டுட்டு இருந்தேன். கவரைக் கீழ வெச்சுட்டேன். பையனுக்கு ஏதாச்சும் கெட்ட பழக்கமா, யாராச்சும் சொன்னாங்களான்னு கேட்டேன். இல்லங்கறா. வேற எவனையாச்சும் நெனச்சுட்டு இருக்கறியான்னு கேட்டேன். அதுவும் இல்லங்கறா. அப்பறம் என்னதாண்டி உனக்குன்னு கேட்டதுக்கு என்ன சொன்னா தெரியுங்களா?

"நான் எடுத்து வெச்சது ஒவ்வொண்ணையும் எடுத்து வெளிய வெச்சாரும்மா. வேணுமா வேண்டாமான்னு என்னை ஒரு தரம் கேக்கல. நீயும் பாத்துட்டுத்தான இருந்தே, நீயும் கேக்கல."

இதாங்க காரணம். ஒரு விளக்கு, ஒரு போர்வை, ஒரு பிஸ்கோத்து டப்பா. இதுக்காக ஒரு கண்ணாலத்தை நிறுத்துவாங்களா? நான் தலையில அடிச்சுக்கிட்டேன். சாயம் போற போர்வைடி அது, உன்ற நல்லதுக்குத்தாண்டி எடுத்து வெச்சான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அந்த விளக்கை நானே வாங்கித் தர்றேன்னும் சொன்னேன். அவ போயிப் படுத்துக்கிட்டா. எங்கூட்டுக்காரரு சாப்புட்ட தட்டுல கையைக் கழுவிட்டு, "டப்பாவை உட்டுட்டுப் புள்ளையைப் பாரு"ன்னாரு. ஆயுசுல வாயைத் திறக்காத மனுசன், திறந்தாருன்னா எனக்கு எதுத்தாப்புலதான் திறப்பாரு. தட்டுல கை கழுவாதீங்கன்னு எத்தனை நாளாச் சொல்றேன், அது கேக்கறதில்ல.

சம்பந்தம் வேண்டாம்னதுக்கு அந்தக் கோமதி அம்மா போன்ல பேசுன பேச்சை வாயால சொல்ல முடியாது. எங்க கார்டுல சாமான் வாங்கறதுக்குத்தான் சம்பந்தம் பேசுனீங்களான்னு கேட்டுச்சு. அந்தப் பேச்சு கேக்க நான் என்ன பாவம் பண்ணுனேன்? கடைக்குப் போன் பண்ணுனா, பேர் வெட்டுன சாமானை எப்படிம்மா வாபஸ் எடுக்கறதுன்னு ஒரு பொடிப்பய சிரிக்கறான். பேர் வெட்டுனவன்கிட்டப் போனா, அழிக்கற கூலிக்குப் புது டப்பாவே வாங்கிக்கலாம், அழிச்சாலும் தகடு நெளியும்ங்கறான். நிச்சயம் ஆச்சான்னு அன்னிக்கே கேட்டேனுங்களேன்னு வேற சொல்லிக் காட்டறான். எல்லாவனும் ஒரே ரகம்.

பெட்டி பூராவும் பிருந்தா ரூம்புலதான் அடுக்கி வெச்சேன், வேற எடமில்ல. அவ கட்டலுக்கும் மேசைக்கும் நடுவால. அதைத் தாண்டித்தான் அவ படுக்கப் போகோணும். பாக்கட்டும்னுதான் வெச்சேன். தெனமும் பாத்தா மனசு மாறாதா? அவ லேப்பு உட்டு வந்து கதவைச் சாத்திக்குவா. அந்தப் பல்லு தேய்க்கற மெஷின் ஒண்ணு வெச்சிருக்கறா, தடிப் பேனாவாட்டம், அது கிர்ருன்னு ஓடிட்டே இருக்கும். ஒரு மாசமா அந்தச் சத்தம்தான் எங்கூட்ல. பல்லுல காட்டற அக்கறையை வாழ்க்கையில காட்ட மாட்டேங்கறாளேன்னு நான் வெளிய உக்காந்து பொலம்புவேன். அந்தப் பொடி வாசம் வேற, எரிஞ்ச இரும்பாட்டம், மூக்கைப் பொத்திட்டுச் சாப்புடோணும்.

இப்ப எதுக்குத் தாராபுரம் போறேன்னு கேட்டீங்கல்ல, கேக்கலைன்னாலும் சொல்றேன். தரகன்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேன், எனக்கு எந்த ஊரானாலும் சரி, எந்தப் படிப்பானாலும் சரி, பேரு தரணிதரன்னு இருக்கோணும்னு. அவன் மொதல்ல சிரிச்சான். சிரிச்சுட்டு ஒருத்தனைக் கண்டுபுடிச்சுக் கொண்டாந்துட்டான். தாராபுரத்துல நெல்லு யாவாரம். வயசு சித்தெ முன்னப்பின்ன. ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி, அவ வேண்டாம்னு போயிட்டாளாம். எதுக்குப் போனாள்னு நீங்க கேக்கறது உங்க மூஞ்சியிலயே தெரியுது. எனக்கெதுக்கு அந்த ஆராய்ச்சி? நல்ல பொருளைக் கூட வேண்டாம்னு வெச்சுட்டுப் போறவங்க இல்லையா? என்ற வூட்லயே ஒருத்தி இருக்கறாளே.

இன்னும் அவகிட்டச் சொல்லல. மொதல்ல அங்க பேசி முடிக்கட்டும். தரகன்தான் ரோசனை சொன்னான், டப்பாவுல ஒரு பையைக் கொண்டுபோயி அவிங்க முன்னால வெய்யுங்க, உங்க பையன் பேரு எங்கூட்டுப் பாத்திரத்துல முன்னாலயே விழுந்து கெடக்குது, இது தெய்வச் செயல்னு சொல்லுங்கன்னு. கேட்டதும் எனக்கே புல்லரிச்சுப்போச்சு. காத்தால கெளம்பற அவசரத்துல எங்கூட்டுக்காரரைத்தான் எடுத்து வெக்கச் சொன்னேன். எதுக்குன்னு கூடக் கேக்கல. நல்ல புள்ளையாட்டம் எடுத்து வெச்சுக் குடுத்தாரு.

பாக்கறீங்களா? இருங்க, கவரைப் பிரிக்கறேன். நல்ல டப்பாங்க. உங்களுக்கே ஒண்ணு தர்றேன், வெச்சுக்குங்க, அந்தப் பச்சைப் பையில வாங்குனதெல்லாம் இதுக்குக் கால் தூசி பெறாது. இந்தாங்க, மூடியில பாருங்க, பேரு எத்தனை அழகா...

இதென்ன.

தரணிதரன்னு இருக்குது. பிருந்தாவைக் காணமே. சூரியனுக்கு நேராப் புடிங்க அம்முணி, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்ல. பேரு இருந்த எடம் மொழுக்குன்னு இருக்குதுங்களா? இருங்க, இன்னொண்ணு பிரிக்கறேன். இதுலயும் இல்ல. இதுல... இதுலயும் இல்ல. எல்லாத்துலயும் அவன் பேரு மட்டும்தான் நிக்குது.

அந்தக் கிர்ருச் சத்தம். ஒரு மாசமா உக்காந்து இதைத்தான் தேய்ச்சுட்டு இருந்திருக்கறா. ஒவ்வொண்ணா எடுத்து, தேய்ச்சு, மறுபடியும் கவர்ல போட்டு, அடுக்குனது அடுக்குனபடி வெச்சிருக்கறா. எப்படி மினுங்குது பாருங்க. தகடு நெளியும்னானே அந்த வெட்டறவன், ஒரு நெளிவு இருக்குதா? என்ற மூஞ்சி தெரியுதுங்க அதுல. ஒரு பேரைத் தேய்க்கறதுன்னா அவன் பேரைத் தேய்ச்சிருக்கலாமில்ல? அவன் பேரை உட்டுப்போட்டு அவ பேரைத் தேய்ச்சிருக்கறாளே, இது என்ன புத்தி? பிருந்தாங்கறது நான் வெச்ச பேரு அம்முணி. எங்க மாமியா அவிங்க குலசாமி பேருதான் வெக்கோணும்னு ஒரே புடியா நின்னாங்க. யாரும் என்னைக் கேக்கல. நான் தொட்டில்கிட்டக் குனிஞ்சு, அவ காதுல இந்தப் பேரைச் சொல்லிப்போட்டேன். அந்தப் பேரைத்தான் ஐநூறு தரம் தேய்ச்சிருக்கறா.

இந்த மனுசன்தான பைக்குள்ள எடுத்துப் போட்டாரு. பாக்காமயா போட்டிருப்பாரு? எனக்கு மட்டும்தான் தெரியல. அந்த வூட்டுல எனக்கு மட்டுந்தான் தெரியல.

குண்டடம் வந்துருச்சுங்களா? சித்தெ வழி உடுங்க, நான் எறங்கிக்கறேன். கன்டக்டர், நிறுத்துங்க. இல்லீங்க, தாராபுரம் போகல. இந்த லட்சணத்துல இதைக் கொண்டுபோயி எங்க வெக்கறது? பொண்ணு பேரே இல்லாத டப்பாவை வெச்சு என்ன தெய்வச் செயல்னு சொல்றது? புள்ளைக்கோசரம் எறங்கறேன்னு நெனச்சுக்காதீங்க. பழுதான சாமானை ஒருத்தர் கையில குடுக்கறது எனக்கு ஆவாது. தரகன் போன் பண்ணுவான், பண்ணட்டும்.

அந்த டப்பாவை நீங்களே வெச்சுக்குங்க, மூடி நல்லா நிக்கும். உங்க பேரைக் கூட வெட்டிக்கலாம், எடமிருக்குது. நான் எதுத்தாப்புல பஸ் புடிச்சு வூட்டுக்குப் போறேன். பொழுதுக்குள்ள அவ லேப்புல இருந்து வந்துருவா. அவளை ஒரு தரம் கேக்கோணும். என்னன்னு கேக்கறதுன்னுதான் தெரியல.